தலையைத் தரையில் தட்டவும்

என் வீட்டுக்காரருக்கு ரிப்பேர் வேலை தெரியும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன்.

தேவநாதன் முப்பத்தோரு வருஷம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பியூஸ் கம்பெனியில் இருந்தவர். கரண்டு பெட்டிக்குள் வெள்ளைப் பீங்கானில் பியூஸ் கட்டை இருக்குமே, அது செய்கிற கம்பெனி. அதனால் இவருக்குக் கரண்டு அத்துப்படி என்று எங்கள் தெரு முழுக்க நம்புகிறது. அவரும் நம்புகிறார். அங்கே அவர் பார்த்த வேலை என்னவென்று எனக்குத்தானே தெரியும்? தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வந்த கட்டையை இடது கையில் எடுத்து, வலது கை விரல் மூட்டால் ஒரு தட்டு தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். ‘ணிங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், தூக்கி ஒதுக்கிவிட வேண்டியது. முப்பத்தோரு வருஷமும் இதுதான். ரிட்டயர் ஆன பிறகு தேங்காய், தர்பூசணி, பிரஷர் குக்கர் என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் தட்டிக் கேட்டுவிட்டார். ஒரு தடவை எனக்குத் தலைவலி என்றதற்கு என் நெற்றியைத் தட்டிப் பார்த்தார். என்ன சத்தம் வந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே பெண், துர்கா. ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்திருக்கிறோம். ஐப்பசி இரண்டாம் வாரம் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது உலக வழக்கம். நானும் அறையை வெள்ளையடித்து, புதுப் பாய் வாங்கி, பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துத் துணி மடித்து வைத்து, வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று துடித்துக்கொண்டிருந்தேன். இந்த வாய் இருக்கிறதே, இது சும்மா இருந்ததா? வளைகாப்புக்கு முதல் நாள் போனில், “பின்னால புல்லு இடுப்பளவு நிக்குதுடி. நேத்து ஒரு பாம்பு போச்சு” என்று அவளிடமே உளறித் தொலைத்தேன்.

மறுநாள் கை நிறைய வளையலோடு துர்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அத்தை யோசிக்கிறாங்கம்மா. பாம்பு இருக்கற வூட்டுக்கு எப்படி அனுப்பறதுன்னு. எட்டாம் மாசம் அனுப்பற பழக்கமும் இல்லியாம். ஒம்பதாம் மாசம் பொறக்கட்டும், அதுக்குள்ள பின்னால சுத்தம் பண்ணியிருந்தா பாக்கலாம்னாங்க.”

அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்மந்தியம்மா ராஜாம்பாள். பார்க்கலாமாம்! என் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு அனுப்ப இந்த அம்மாள் பார்க்கலாம் என்கிறாள்! ஆனாலும் சபையில் சிரித்த முகமாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, பெண்ணில்லாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார்த்திகை இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டோம். அதற்குள் பின்பக்கம் ஐந்து சென்ட் புல்லும் போய்விட வேண்டும். முப்பத்தைந்து நாள் இருந்தது. ஆடு மாட்டுக்குப் புல் அறுக்கிற வீரம்மாளைக் கூப்பிட்டால் ஒரு காலை வேலை. ஆனால் விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. நந்தகுமார் தங்கமான பிள்ளை. அதுதான் சிக்கல். “மாமா, நீங்க ஆளெல்லாம் தேடாதீங்க” என்று ஆன்லைனில் ஒரு புல்வெட்டும் மிஷினை வாங்கி அனுப்பிவிட்டார். நாலே நாளில் ஆள் உயரத்துக்குப் பெட்டி வந்து இறங்கியது.

நீளமாக ஒரு கம்பு, மேலே பிடியும் சுவிட்சும், கீழே வட்டமாக ஒரு தலை. அந்தத் தலைக்குள் தூண்டில் நரம்பு மாதிரி நைலான் நரம்பு சுற்றியிருக்கிறது. ஒரு சாண் நரம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கரண்டு கொடுத்தால் தலை சுழலும், நரம்பு புல்லை அடித்து வெட்டும். அவ்வளவுதான் மிஷின். இவர் பெட்டியைப் பிரித்து, கம்பைப் பூப்போல எடுத்து, பழைய துண்டை விரித்து அதன்மேல் சத்தமில்லாமல் படுக்க வைத்தார். இவர் கை அப்படி. எதையும் டக்கென்று கீழே வைக்கத் தெரியாத கை. அவரை மட்டும் சொல்வானேன், கல்யாணத்துக்கு முன்னால் அதே எஸ்டேட்டில் பத்து வருஷம் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதியவள் நான். பச்சை மண்ணையும் பீங்கானையும் எடுத்து வைத்துப் பழகிவிட்டால் எச்சில் தட்டைக்கூட ஓசையில்லாமல்தான் வைக்க வரும். எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் பாத்திரம் உருளாது. எல்லாம் வாயோடு சரி.

மழை விட்ட ஒரு காலையில் மிஷின் ஓடியது. அடேயப்பா, என்ன வேகம்! பத்து நிமிஷத்தில் கிணற்றடி ஓரம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்து போனது. பதினோராவது நிமிஷம் மிஷின் ஓடியது, புல் அசைந்தது, வெட்டவில்லை. சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் நரம்பு தேய்ந்து நகக்கண் அளவுக்கு நின்றது.

“தாளை எடு” என்றார்.

கூட வந்த தாளில் ஏழெட்டு பாஷை இருந்தது. தமிழும் இருந்தது. தமிழ் என்று அவர்கள் சொன்னார்கள். ‘குழந்தைகள் மற்றும் பாதங்களைத் தொலைவில் சேமிக்கவும்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே நமக்கு வேண்டியது: ‘நரம்பு குட்டையாகும் நேரம், இயங்கும் நிலையில் உங்கள் தலையைத் தரையில் தட்டவும். தலை தானாக நரம்பை வெளியே விடும்.’

நான் இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

“எவனோ தமிழ் தெரியாதவன் எழுதியிருக்கான். ‘உங்கள்’ங்கறத அடிச்சுடு. யாராவது தன் தலைய தரையில முட்டிக்குவானா? மிஷினு தலையத்தான் சொல்றான். ‘தரையில்’னா தரையில வச்சின்னு அர்த்தம். தரையில வச்சி தலையத் தட்டணும். இவ்ளோதான் விஷயம். நம்ம வேலைதான்.”

தட்டவும் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த மனுஷன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! ‘இயங்கும் நிலையில்’ என்பதை இரண்டு பேருமே விட்டுவிட்டோம். மிஷினைத் துண்டின்மேல் படுக்க வைத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, விரல் மூட்டால் தலையை ஒரு தட்டு தட்டிக் காதைக் கொண்டுபோனார்.

டொக்.

அவர் முகம் செத்துவிட்டது. “உள்ள விரிசல் இருக்குது பானு.”

“அது பிளாஸ்டிக்குங்க. பிளாஸ்டிக்கு டொக்குன்னுதான் கேக்கும்.”

“முப்பத்தோரு வருஷம் கேட்ட காதுடி இது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விரிசல் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் சந்தேகம் கரண்டின் மேல் போனது. வோல்டேஜ் குறைவாம். பிரிட்ஜுக்கு இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி மிஷினுக்குக் கொடுத்தார். மிஷின் முன்னைவிடக் கம்பீரமாக ஓடியது, ஒரு புல்லையும் வெட்டவில்லை, இரண்டு லிட்டர் பால் திரிந்து போனது. பிறகு பியூஸ் கட்டை. மெயின் பெட்டியில் இருந்தது வேறு ஏதோ ஊர்ச் சரக்கு என்று அதற்கு மரியாதை இல்லாமல் பேசி, தான் தட்டித் தேர்வு செய்த கட்டை ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து மாட்டினார். அது ‘ணிங்’ என்றது. எனக்குக் கேட்கும்படி மூன்று தடவை தட்டினார்.

அப்புறம் மிஷினைப் பிரித்தார். பதினோரு திருகாணி. தாம்பாளத்தில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போட்டார். இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததுமே நான் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். மோட்டாருக்குள் கார்பன் என்று இரண்டு கரிக்கட்டை, அதை அழுத்திப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங்கு. மூடியைத் திறந்ததும் ஒரு ஸ்பிரிங்கு டிங்கென்று எகிறி நேரே புல்லுக்குள் போய் விழுந்தது. பாம்பு இருக்கிற அதே புல்லுக்குள். பழைய ரேடியோ காந்தத்தைக் கழியில் கட்டிக்கொண்டு அவர் முக்காலி மேல் ஏறி நின்றார்.

“நீ எறங்கிப் பாரு பானு. ஒனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும்.”

கேட்டீர்களா கதையை! நான் இறங்கினேன். அவருடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, உலகத்தில் உள்ள தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, அரை மணி நேரம் துழாவி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி மாட்டி முடித்தபோது தாம்பாளத்தில் இரண்டு திருகாணி மிச்சம். “கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான்” என்றார்.

இது போதாதென்று கோவிந்தராசு அண்ணன் வந்து சேர்ந்தார். அவர் அதே கம்பெனியில் சூளை எரித்தவர். இவருக்கு எல்லாம் சத்தம் என்றால் அவருக்கு எல்லாம் சூடு. வந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, “யப்பா! கொதிக்குது தேவநாதா. இப்படியே நோண்டிக்கிட்டு இருந்தா விரிசல் உடாம என்னா பண்ணும்? சூளைய என்னைக்காவது எரிச்ச அன்னைக்கே தொறந்திருக்கமா?” என்றார்.

“அண்ணே, இது சூளை இல்லண்ணே, மிஷினு” என்றேன்.

“எல்லாத்துக்கும் ஆறுற நேரம்னு ஒண்ணு இருக்குதும்மா.”

அதோடு போயிற்று. நரம்பு தேய்ந்து போகிற ஒவ்வொரு தடவையும் மிஷினைச் சாக்கால் மூடி ஒரு பகல் ஓர் இரவு ஆற வைத்தார்கள். ஆறின பிறகு தலை மூடியைக் கழற்றி, கையால் ஒரு சாண் நரம்பை இழுத்துவிட்டு, மூடி, தட்டிக் கேட்டு, “இன்னும் டொக்குன்னுதான் இருக்குது” என்று பெருமூச்சு விட்டு, பிறகுதான் ஓட்டுவார்கள். சில நிமிஷத்தில் நரம்பு கல்லில் பட்டுத் தேய்ந்துவிடும். மறுபடி சாக்கு. ஒரு நாளுக்கு நான் வாசலில் கோலம் போடுகிற அகலம் வெட்டுப்பட்டது. கார்த்திகை மழையில், முந்தின வாரம் வெட்டின இடம் திரும்ப முளைத்து முழங்காலுக்கு வந்துவிட்டது. இரண்டு பெரிய மனுஷர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாக்குக்கு இரண்டு பக்கமும் இருந்து டீ குடித்தார்கள். டீ யார் போட்டது? நான்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீரம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் அரிவாளும் சாக்குமாக வந்து நின்றாள். இவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“மிஷினு இருக்குது வீரம்மா.”

“ஓடுதுங்களா?”

“ஓடுது.”

“வெட்டுதுங்களா?”

“அததான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

வீரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “சரிங்க. பாத்து முடிச்சதும் சொல்லி அனுப்புங்க. போயிட்டு வரேன்க்கா.” தெருக்கோடி வரை அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம் நானே அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவ்வளவுதான், மனுஷன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். “மாப்பிள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. அத ஓரமா போட்டுட்டு அரிவாளால வெட்டினா அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது? என்னால ஒரு மிஷின சரி பண்ண முடியலன்னுதான ஆவும்?” என்று சுவரிடம் சொன்னார். பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது. அரிவாளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

நடுவில் துர்கா போன் செய்வாள். “அத்தை கேக்கறாங்கம்மா, புல்லு வெட்டியாச்சான்னு.” நான், “முக்கால்வாசி ஆச்சுடி” என்பேன். “அப்பா என்னா பண்றாரு?” என்பாள். அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பிரிட்ஜு, ஸ்பிரிங்கு, சூளை, சாக்கு என்று அரை மணி நேரம் கொட்டித் தீர்ப்பேன். அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்பாள். கால் வீக்கம் எப்படி இருக்குது என்று கேட்க நினைத்துக்கொண்டே போனை எடுப்பேன், வைத்த பிறகுதான் கேட்கவில்லை என்பது ஞாபகம் வரும். ராஜாம்பாளையும் மனசுக்குள் திட்டுவேன். ஒரு நாளாவது அந்த அம்மாள் நேராகப் போன் பண்ணிப் பேசினாளா? எல்லாம் என் பெண்ணை விட்டே சொல்லச் சொல்கிறாள் பார், என்ன நெஞ்சழுத்தம்!

புதன்கிழமை சாயங்காலம் துர்கா போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அம்மா, வெள்ளிக்கிழமை வேணாம்மா. அத்தை இங்கயே பாத்துக்கலாம்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியும் கிட்டக்க இருக்குது. நீ வேணும்னா அப்ப வந்து பாத்துட்டுப் போ.”

வந்து பார்த்துவிட்டுப் போவதா? அக்கம்பக்கத்துக்காரி மாதிரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போவதா? “நாளைக்குள்ள முடிச்சுடறேன்டி. வெள்ளிக்கிழமை வந்து கண்ணால பாரு, அப்புறம் சொல்லு. ஒன் அத்தையையும் கூட்டிக்கிட்டு வா” என்று மட்டும் சொன்னேன். அவள் “சரி” என்றாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் எட்டிப் பார்த்து, “கவலப்படாத. கோளாறு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன். கார்பனத்தான் மாத்தணும்” என்றார்.

வியாழக்கிழமை காலை அவரும் கோவிந்தராசு அண்ணனும் கார்பன் வாங்க ஜங்ஷன் பக்கம் வண்டியில் போனார்கள். பின்னால் வந்து பார்த்தேன். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, புல் காய்ந்து நின்றது. துண்டின்மேல், சாக்குப் போர்வைக்குள், தலைமாட்டில் ஒரு செங்கல் வைத்து, நோயாளி மாதிரி அந்த மிஷின் படுத்திருந்தது. என் பெண்ணுக்கு விரித்து வைத்த புதுப் பாய் உள்ளே சும்மா கிடக்கிறது, இதற்கு இங்கே படுக்கை! எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். பூட்ஸை மாட்டினேன். வயரைச் செருகி சுவிட்சை அழுத்தினேன். ஓடியது. புல்லில் வைத்தேன். வெட்டவில்லை. நரம்பு நகக்கண் அளவுதான் இருந்தது.

“நீயெல்லாம் ஒரு மிஷினா? என் தலையத்தான் முட்டிக்கணும்!” என்று கத்திக்கொண்டே, ஓடுகிற மிஷினைத் தூக்கித் தரையில் ஒரு போடு போட்டேன்.

என் ஐம்பத்தாறு வயதில் ஒரு சாமானை அப்படிக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. மண் அதிர்ந்தது. உள்ளே ‘டக்’ என்று ஏதோ விட்டுக்கொடுத்தது. தலைக்குள்ளிருந்து நரம்பு சர்ரென்று வெளியே வந்து, மூடியோரம் இருந்த சின்னக் கத்தியில் பட்டு அளவாக வெட்டுப்பட்டு, கிர்ரென்று பாட ஆரம்பித்தது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புல்லில் வைத்தேன். பறந்தது! கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தேய்ந்தது. மறுபடி ஒரு போடு. மறுபடி நரம்பு வந்தது. அடப்பாவிகளா! தலையைத் தரையில் தட்டவும் என்றால் இதுதானா? முப்பது நாளாக ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு விரல் மூட்டால் வைத்தியம் பார்த்தீர்களே!

இரண்டு மணி நேரம். வேலி முதல் வேலி வரைக்கும் சுத்தமாக வெட்டினேன். ஒவ்வொரு போட்டுக்கும் மனசில் ஒரு ஆளை நினைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் என் வீட்டுக்காரர்தான். கோவிந்தராசு அண்ணனுக்கு நாலு. மிச்சமெல்லாம் ராஜாம்பாள். பாம்பைக் காணவில்லை, அது உரித்துப் போட்ட பழைய சட்டை ஒன்றுதான் கிடந்தது. கொளுத்தினேன்.

இருவரும் கார்பனோடு வந்து பின்வாசலில் நின்றார்கள். வெட்டவெளியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் பச்சைத் தூள், தலைமுடியில் புல்.

“எப்படிப் பண்ணின?” என்றார் அவர்.

“கீழ ஒரு போடு போட்டேன்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து மிஷினை என் கையிலிருந்து வாங்கி, துண்டால் துடைத்து, தலையைத் திருப்பி, விரல் மூட்டால் தட்டினார். டொக். “நான் சொல்லல? விரிசல் அப்படியேதான் இருக்குது. இது ஓடறது நம்ம நேரம்” என்றார். கோவிந்தராசு அண்ணன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, “மூணு நாளைக்காவது ஆறணும்” என்றார். நான் குளிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை துர்காவும் ராஜாம்பாளும் காரில் வந்து இறங்கினார்கள். ஆரத்தி எடுத்தேன். துர்காவுக்கு வயிறு நன்றாக இறங்கியிருந்தது, முகம் வீங்கியிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் வேலையாகச் சம்மந்தியம்மாளைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். பார்க்கட்டும் நன்றாக!

ராஜாம்பாள் சுற்றிலும் பார்த்தாள். “அட, பின்னால எவ்ளோ எடம் இருக்குது! பாம்பு பாம்புன்னாளே இவ?”

“நீங்க பயந்தீங்கன்னுதாங்க சம்மந்தி, இந்தப் பாடுபட்டு சுத்தம் பண்ணினேன்” என்றேன், கொஞ்சம் அழுத்தியே.

“நானா?” ராஜாம்பாள் கண்ணை அகல விரித்தாள். “நான் எதுக்குங்க பயப்படறேன்? எங்களுது வயக்காட்டு வூடு, வாரத்துக்கு ஒரு பாம்பு வந்துட்டுப் போவுது. வளைகாப்பு அன்னைக்கே இவ பொட்டிய நான் கட்டி வச்சிட்டேன். இவதான் வேணாம் வேணாம்னா. அம்மா வூட்டுக்குப் போவ மாட்டேன்னு எந்தப் பொண்ணாவது சொல்லுமான்னு நானும் எம்மவனும் அதிசயப்பட்டுக்கிட்டுக் கெடக்கறோம்.”

அந்த அம்மாள் விகல்பமில்லாமல் சொல்லிவிட்டு, உள்ளே தேவநாதன் மிஷினைப் பற்றி விளக்குவதற்காகக் கூப்பிடவே போய்விட்டாள். பின்பக்கம் நானும் என் பெண்ணும்தான். துர்கா துணி துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு தரையையே பார்த்தாள்.

“ஏண்டி?” என்றேன்.

“கோச்சுக்காதம்மா. நான் பத்தாவது பரீட்சை எழுதனப்ப அப்பா கிரைண்டர பிரிச்சிப் போட்டிருந்தாரு. நீ கூடவே ஒக்காந்திருந்த. எனக்கு டைபாய்டு வந்தப்ப டிவி. கல்யாணத்துக்கு மொத நாளு தண்ணி மோட்டாரு. எப்பப் பாத்தாலும் நீ அவரு பக்கத்துல நின்னு திட்டிக்கிட்டே இருப்ப. திட்டறதுக்கும் ஒனக்கு அவருதாம்மா வேணும். இந்த ஒரு மாசமா எத்தன தடவ போன் பண்ணினேன்? ஒரு நாளு கூட நீ எப்படிடி இருக்கன்னு கேக்கல. வலி வந்து நான் கூப்புட்டாக்கூட, இருடி, ஒங்கப்பா என்னா பண்றாருன்னு பாத்துட்டு வரேன்னுதான் சொல்லுவ. அங்க அத்தை என்னப் பாத்துக்கிட்டே இருக்காங்கம்மா.”

இவ்வளவு நேரம் உங்களிடம் நான் யாரைப் பற்றிப் பேசினேன் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்போதுதான் அவள் கொண்டு வந்த பையைக் கவனித்தேன். பிரசவத்துக்கு வந்தவள் கொண்டு வருகிற பெட்டி இல்லை அது. கைப்பை மாதிரி ஒரு சின்னப் பை, பின்வாசல் படியிலேயே இருந்தது.

“எத்தன நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வந்த?”

“மூணு நாளைக்கு. இருந்து பாக்கறேன்.”

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். “பானு! பானு! அந்தத் தாளை எங்க வச்ச? சம்மந்திக்குக் காட்டணும். சீக்கிரம் வா!”

வாயில் நாலு வார்த்தை தயாராக வந்து நின்றது. நல்ல வார்த்தைகள், உறைக்கிற மாதிரி. காலும் ஒரு எட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. துர்கா தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கால் ரொம்ப வீங்கியிருக்குதே, வலிக்குதாடி?” என்றேன்.

“சாயங்காலம் ஆனா வலிக்கும்.”

“காமி.”

கீழே உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். எழுந்து போய்த் திட்டிவிட்டு வந்துவிடலாம் என்று உடம்பு பரபரத்தது. போகவில்லை. கணுக்காலிலிருந்து மேலாக மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.